ஷூட்ஸோட ‘மூசிகாலிஷே எக்ஸெக்வியன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன இசை? யார் எழுதினது, எதுக்காக?

ஜெர்மனியில கேரானு ஒரு ஊர். அங்க 1636 பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு பெரிய அடக்க ஆராதனை நடந்துச்சு. இறந்தவர் அந்தப் பகுதியை ஆண்ட பிரபு, ஹைன்ரிக் போஸ்டூமுஸ் ராய்ஸ். அந்த ஆராதனைக்காக ஹைன்ரிக் ஷூட்ஸ் எழுதின இசைதான் இது, பேருக்கு அர்த்தம் ‘இசையால செய்யுற அடக்கச் சடங்கு’. அதே வருஷம் டிரெஸ்டன்ல அச்சாச்சு. ஷூட்ஸ் படைப்புகளோட பட்டியல்ல எஸ்.டபிள்யூ.வி. 279, 280, 281னு மூணு நம்பர்ல இருக்கும், ஏன்னா இது மூணு பகுதி. மொத்தமா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும். மரணத்தைப் பத்தி நான் கேட்ட இசையில இதைவிட நேர்மையானது ரொம்பக் கம்மி, அதனாலதான் புதுசா கேக்க வர்றவங்க கேக்குற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன்.

இறந்தவர் யாரு? அவரைப் பத்தி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுறாங்க?

ஏன்னா இந்த இசையோட வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தது ஷூட்ஸ் இல்ல, செத்துப்போனவரே.

ராய்ஸ் 1572ல பிறந்தவர். பிறக்குறதுக்கு முன்னாடியே அப்பா இறந்துட்டார், அதனாலதான் போஸ்டூமுஸ்ங்கிற அடைமொழி. அந்தக் குடும்பத்துல ஆம்பளைங்க எல்லாருக்குமே ஹைன்ரிக்னுதான் பேரு, அடைமொழியும் நம்பரும் வச்சுத்தான் அடையாளம் சொல்லணும். கல்வி மேல ரொம்ப அக்கறை உள்ளவர், கேராவுல 1608ல ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். இசைன்னா உயிர். ஷூட்ஸ் பிறந்த கோஸ்ட்ரிட்ஸ் ஊரும் ராய்ஸ் குடும்பத்தோட நிலத்துலதான் இருந்துச்சு, அதனால ரெண்டு பேருக்கும் பழக்கம் உண்டு.

இவர் சாகுறதுக்கு முன்னாடியே, வீட்ல யாருக்கும் தெரியாம, தனக்கு ஒரு செம்புச் சவப்பெட்டி செய்யச் சொல்லியிருக்கார். அந்தப் பெட்டியோட மூடியிலயும் பக்கங்கள்லயும் தனக்குப் பிடிச்ச பைபிள் வசனங்களையும் லூத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் சபை) பாட்டு வரிகளையும் பொறிக்க வச்சார். எந்த வசனத்துல பிரசங்கம் பண்ணணும்ங்கிறதையும் அவரே முடிவு பண்ணி வச்சுட்டார். 1635 டிசம்பர் 3ஆம் தேதி, 63 வயசுல காலமானார். அடக்கம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்ல இது சாதாரணம், ஏற்பாடு பண்ணவும் விருந்தாளிங்க வந்து சேரவும் அவ்வளவு நாள் ஆகும்.

ஷூட்ஸ் கையில வந்தது ஒரு பெட்டியோட எழுத்துக்கள். யோசிச்சுப் பாருங்க, கவிஞர் எழுதின பாட்டு இல்ல, கதை இல்ல, அங்கங்க பொறிச்சு வச்ச துண்டு துண்டான வசனங்கள், அதை வரிசைப்படுத்தி ஒரு முழு இசையா ஆக்கணும்.

அவர் உயிரோட இருக்கும்போதே இதைக் கேட்டுட்டாருன்னு சொல்றாங்களே?

பெட்டி பக்கத்துல உக்காந்து தன்னோட சாவுப் பாட்டைக் கேட்டார்ங்கிற மாதிரி கதை சுத்துது, அதை நான் பரப்ப மாட்டேன். அச்சுப் புத்தகத்தோட தலைப்புப் பக்கத்துல இருக்குறது வேற: அவர் உயிரோட இருந்தப்ப திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டபடி, மறைச்சு வச்ச ஒரு சத்தம் குறைஞ்ச ஆர்கனோட, பிரசங்கத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இது பாடப்பட்டதுன்னு இருக்கு. எனக்கு இதுவே போதும். பெரிய ஆர்கன் முழங்கணும்னு கேக்காம, கண்ணுக்குத் தெரியாத ஒரு அமைதியான ஆர்கன் போதும்னு கேட்ட மனுஷன்.

மூணு பகுதியும் எப்படி அமைஞ்சிருக்கு?

முதல் பகுதிதான் பெருசு, இருபது நிமிஷத்துக்கு மேல. ஷூட்ஸ் இதுக்கு வச்ச பேரு ‘ஜெர்மன் அடக்க மிஸ்ஸா வடிவத்துல ஒரு கான்சர்ட்’. மிஸ்ஸான்னா பூசை இசை, லூத்தரன் சபையில அது பெரும்பாலும் கிரியே (இரக்கம் கேக்குற மன்றாட்டு), குளோரியா (கடவுளுக்கு மகிமை சொல்றது) ரெண்டு மட்டும்தான். பெட்டியில இருந்த வசனங்களை அந்த ரெண்டு அச்சுல உக்கார வச்சார், அதுதான் அவர் கண்டுபிடிச்ச வழி.

ஆரம்பத்துல ஒரே ஒரு டெனர் (உயர்ந்த ஆண்) குரல், சர்ச்ல பாதிரியார் ராகமா ஓதுற மாதிரி ஒத்தை வரி: யோபு சொன்ன “நிர்வாணியாய் என் தாயின் கர்ப்பத்திலிருந்து வந்தேன்”. அவ்வளவுதான். ஒரு நாட்டை ஆண்டவரோட அடக்கம் இப்படித்தான் ஆரம்பிக்குது, பட்டம் இல்ல, புகழ் இல்ல, பிறந்தப்ப ஒண்ணும் கொண்டு வரலைன்னு அவரே சொல்ல வச்ச மாதிரி. அப்புறம் சில குரல்கள் சேருது, அதுக்குப் பிறகு முழு குழுவும் “பரலோகத்துல இருக்கிற பிதாவே, எங்க மேல இரக்கமா இரும்”னு மன்றாடுது. தனிக் குரல்கள் ஒரு வசனம், குழு ஒரு மன்றாட்டு, திரும்பத் தனிக் குரல்கள்னு கிரியே போகும். “கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்” இங்கதான் வரும்.

குளோரியா இடத்துல “தேவன் இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்”னு மறுபடி ஒரு டெனர் ஆரம்பிச்சு வைக்கும். இங்கயும் அதே மாதிரி, தனிக் குரல்கள் ஒரு வசனம் சொல்லும், குழு ஒரு கோரல், அதாவது லூத்தரன் சபைப் பாட்டு, அதுல ஒரு வரி சொல்லும். “உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும்” வரும், “என் ஜனமே, நீ போய் உன் அறைக்குள்ளே பிரவேசி” வரும், நீதிமான்களோட ஆத்துமா கடவுளோட கையில இருக்குன்னு சாலமோனின் ஞானம் புத்தகத்துலேர்ந்து வரும்.

அப்புறம் ஒரு இடம் இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க. “எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும், அதின் மேன்மையானது வருத்தமும் சஞ்சலமுமே”. இந்த 90ஆம் சங்கீதத்தை ஷூட்ஸ் ரெண்டு பாஸ் (தாழ்ந்த ஆண்) குரலுக்கு மட்டும் கொடுத்துட்டார். மேல் குரல் எதுவும் இல்ல, வயசான ரெண்டு பேர் திண்ணையில உக்காந்து பேசிக்கிற மாதிரி இருக்கும். இறந்தவர் எழுபதைத் தொடவே இல்லைங்கிறது அங்க கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் “என் மீட்பர் உயிரோடிருக்கிறார்”, கடைசில யாக்கோபு சொன்ன “நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்”. இப்படி, சாகப் போற ஒருத்தர் கடவுளைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னு சொல்றதோட வசனங்கள் முடியுது, அதுக்கு மேல ஒரு கோரல் வந்து பகுதியை மூடும்.

ரெண்டாவது பகுதி சின்னது, மூணு நிமிஷம் பக்கம்தான். பிரசங்க வசனமான 73ஆம் சங்கீதம், “பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?”. எட்டு குரல், நாலு நாலா ரெண்டு குழு, மாத்தி மாத்தி பதில் சொல்லிக்கும். ஷூட்ஸ் வெனிஸ்ல கத்துக்கிட்ட வித்தை இது. பிரசங்கம் முடிஞ்ச உடனே அதே வசனத்தை இசையா கேட்டா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுக்கோங்க.

மூணாவது பகுதி சிமியோனோட பாட்டு. அதுக்குத் தனி பதில் வேணும்.

மூணாவது பகுதியில தூரத்துல யாரோ பாடுற மாதிரி கேக்குதே, ரெக்கார்டிங் கோளாறா?

இல்லவே இல்ல, அதுதான் இந்தப் படைப்போட நெஞ்சு.

பெட்டியை அடக்க அறையில இறக்குற நேரத்துக்கான இசை இது. ஷூட்ஸ் ரெண்டு குழு வச்சார். முதல் குழு அஞ்சு குரல், ஆர்கன் பக்கத்துல நிக்கணும், குரல்கள் கொஞ்சம் கீழ, கனமா இருக்கும். இவங்க பாடுறது லூக்கா சுவிசேஷத்துல கிழவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில வாங்கிட்டுச் சொன்னது: “ஆண்டவரே, உமது வார்த்தையின்படி உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்”. இது பிப்ரவரி 2ஆம் தேதி திருநாளோட வாசகமும்கூட, அடக்கத்துக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சபையில இதைக் கேட்டிருப்பாங்க.

ரெண்டாவது குழு மூணே பேர், தூரத்துல நிக்கணும். ரெண்டு சோப்ரானோ (உச்சக் குரல்), ஒரு ஆழமான ஆண் குரல். சோப்ரானோ ரெண்டு பேருக்கும் சேராஃபீன்னு பேரு வச்சிருக்கார், அதாவது தூதர்கள். ஆண் குரலுக்கு ‘பாக்கியம் பெற்ற ஆத்துமா’ன்னு பேரு. அது யாருன்னு சர்ச்ல இருந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. இவங்க பாடுறது வெளிப்படுத்தின விசேஷத்துலேர்ந்தும் சாலமோனின் ஞானத்துலேர்ந்தும்: “கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள்”, அவங்க உழைப்பை விட்டு இளைப்பாறுறாங்க, எந்த வேதனையும் அவங்களைத் தொடாது.

பக்கத்துல இருக்குறவங்க “என்னைப் போக விடுங்க”ன்னு பாடிக்கிட்டு இருக்கும்போதே, போய்ச் சேர்ந்தவர் தூரத்துலேர்ந்து “நான் நல்லா இருக்கேன்”னு பதில் சொல்லிட்டு இருக்கார். ரெண்டு குழுவும் வேற வேற வார்த்தை, வேற வேற வேகம், ஆனா ஒரே இசைக்குள்ள பொருந்துது. இந்த மூணு பேர் குழுவை இன்னும் நகல் எடுத்து சர்ச்சோட வேற வேற மூலையில நிக்க வச்சா பலன் இன்னும் கூடும்னு ஷூட்ஸே முன்னுரையில யோசனை சொல்லியிருக்கார். ஸ்பீக்கர் காலத்துக்கு 300 வருஷம் முன்னாடி ஒருத்தர் சத்தம் எங்கேர்ந்து வரணும்னு இவ்வளவு யோசிச்சிருக்கார், அதுவும் அழகுக்காக மட்டும் இல்ல, இறந்தவர் இப்ப எங்க இருக்கார்ங்கிற கேள்விக்கு அந்த இடைவெளியாலயே பதில் சொல்றார்.

இதைக் கான்டாட்டான்னு சொல்லலாமா? ரெக்வியம்னும் சிலர் சொல்றாங்க.

ஷூட்ஸ் ரெண்டு வார்த்தையையும் பயன்படுத்தல. ஜெர்மன் சர்ச் கான்டாட்டான்னு நாம இன்னைக்குச் சொல்றது, ஆரியா (தனிப் பாட்டு), ரெசிடேட்டிவ் (பேசுற மாதிரி பாடுறது)னு பிரிஞ்சு வர்றது, பின்னாடி வந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் காலத்துலதான் அந்த உருவத்துக்கு வந்துச்சு. ஆனா தனிக் குரல், குழு, கோரல், பைபிள் வசனம் எல்லாத்தையும் ஒண்ணா கோர்த்து ஒரு ஆராதனைக்கான இசை பண்றதுன்னு பாத்தா, பின்னாடி வந்த கான்டாட்டாவுக்கு விதை இங்க இருக்கு. ரெக்வியம்ங்கிறது கத்தோலிக்க லத்தீன் பூசை, செத்தவங்க ஆத்துமாவுக்காக வேண்டுறது. லூத்தரன்காரங்க அப்படி வேண்ட மாட்டாங்க, அவங்களுக்கு அடக்க ஆராதனைன்னா உயிரோட இருக்குறவங்களுக்கு ஆறுதலும் போதனையும். அதனால ‘முதல் ஜெர்மன் ரெக்வியம்’னு போடுறது விளம்பரத்துக்கு நல்லா இருக்கும், விஷயம் அப்படி இல்ல.

ஷூட்ஸ் யாரு? பாஹ் அளவுக்கு ஏன் பேர் தெரியல?

1585ல பிறந்தவர், பாஹ் பிறக்குறதுக்குச் சரியா நூறு வருஷம் முன்னாடி. அப்பா சத்திரம் நடத்துனவர். அந்தச் சத்திரத்துல தங்க வந்த ஹெஸ்ஸன்-காஸல் பிரபு மோரிட்ஸ் பையன் பாடுறதைக் கேட்டு, காஸலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வச்சார், அப்புறம் 1609ல வெனிஸுக்கு அனுப்பினார். அங்க ஜோவான்னி காப்ரியேலிதான் குரு. பின்னாடி டிரெஸ்டன்ல சாக்சனி அரசவை இசைக் குழுவுக்குத் தலைவர், அந்த ஊரோட பந்தம் கடைசி வரைக்கும் விடல.

சாவு அவருக்குப் புதுசில்ல. கல்யாணமாகி ஆறு வருஷத்துல, 1625ல மனைவி மக்டலேனா இறந்துட்டாங்க. ரெண்டு சின்னப் பெண் குழந்தைகள். மறுபடி கல்யாணமே பண்ணிக்கல. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க, ஒருத்தி 1638ல, இன்னொருத்தி 1655ல. நெருங்கின நண்பர் யோஹான் ஹெர்மன் ஷைன் 1630ல சாகக் கிடந்தப்ப, ஒரு வசனத்தைச் சொல்லி இதுக்கு இசை போட்டுக் கொடுன்னு கேட்டார், ஷூட்ஸ் போட்டுக் கொடுத்தார். இவர் மட்டும் 87 வயசு வரைக்கும் இருந்து 1672ல போனார். அதுக்கு முன்னாடி தன்னோட அடக்கத்துக்கு ஒரு பாட்டு எழுதச் சொல்லி மாணவர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்ட்கிட்ட கேட்டு வாங்கினார், அந்தப் பாட்டு இப்ப கிடைக்கல. டிரெஸ்டன்ல அவரைப் புதைச்ச பழைய ஃப்ராவன்கிர்ஹே சர்ச்சை 1727ல இடிச்சுட்டாங்க, கல்லறையும் அதோட போச்சு.

பேர் பரவாததுக்கு ஒரு காரணம், அவரோடது கிட்டத்தட்ட எல்லாமே குரல் இசை, வார்த்தையை மையமா வச்சது. வயலின், பியானோ வகுப்புல இவர் பேரு வரவே வராது.

அந்தக் காலத்துல போர் நடந்துட்டு இருந்துச்சுல்ல?

ஆமா, 1618லேர்ந்து 1648 வரைக்கும் முப்பதாண்டுப் போர். 1635ல சாக்சனி அரசு, பேரரசரோட பிராக் நகரத்துல சமாதானம் பண்ணிச்சு, ஆனா நிம்மதி வரல. படைகள் போற வர்ற வழியெல்லாம் பஞ்சம், கொள்ளைநோய். அரசவையில பாடகர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்ல, குழு சுருங்கிப் போச்சு. ஷூட்ஸ் அதே 1636ல வெளியிட்ட ‘சின்ன பக்தி கான்சர்ட்டுகள்’ ஒண்ணுலேர்ந்து அஞ்சு குரலும் ஆர்கனும் மட்டும் வச்சுப் பாடுறது, ஏன்னா இருந்தது அவ்வளவுதான். எக்ஸெக்வியன்ல வயலின், டிரம்பெட் எதுவும் வராது. ஆர்கனும் ஒரு பெரிய பாஸ் வயலும் (வில்லால வாசிக்கிற தாழ்ந்த தந்தி வாத்தியம்) கீழ தாங்கிப் பிடிச்சா போதும். பிரபு கேட்டுக்கிட்ட அமைதிக்கும் அது பொருந்துச்சு. ஊரெல்லாம் அடக்க மணி அடிச்சுட்டு இருந்த காலத்துல வந்த இசைங்கிறதை மறக்காம கேளுங்க.

சாவு இசைன்னு சொல்றீங்க, ஆனா பல இடத்துல சந்தோஷமா இருக்கே?

இருக்கும். இதை நிறைய பேர் கேக்குறாங்க, சிலர் ஏமாந்துகூடப் போறாங்க, அழ வைக்கும்னு எதிர்பார்த்து வந்து. இறந்தவர் தேர்ந்தெடுத்த வசனங்களைப் பாருங்க: ஆதாயம், மீட்பர், பரலோகக் குடியிருப்பு. அவர் புலம்பலை எடுக்கல, நம்பிக்கையை எடுத்தார். துக்கம் இல்லாம இல்ல, குழு “இரக்கமா இரும்”னு மன்றாடுற ஒவ்வொரு தடவையும் துக்கம் இருக்கு, அந்த ரெண்டு பாஸ் குரல்லயும் இருக்கு. ஆனா அதுலயே உக்கார ஷூட்ஸ் விடமாட்டார், அடுத்த வசனம் கையைப் பிடிச்சுத் தூக்கும். வீட்ல ஒரு சாவு நடந்த வாரத்துல இதை நான் கேட்டிருக்கேன். சத்தம் போட்டு அழுகிற இசை எதுவும் அப்போ எனக்கு ஆகல, இது ஆச்சு.

ஜெர்மன் தெரியாது, கிறிஸ்தவரும் இல்ல. கேக்கலாமா?

தாராளமா. ஆனா வார்த்தையை விட்டுட்டுக் கேட்டா பாதி போயிடும், ஏன்னா ஷூட்ஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் இசை போடுறவர். ஒரு தமிழ் பைபிளை மொபைல்ல திறந்து வச்சுக்கோங்க, மேல சொன்ன வசனங்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே கிடைக்கும். சாலமோனின் ஞானம் மட்டும் கத்தோலிக்க பைபிள்லதான் இருக்கும், அதிகாரம் 3. முதல் தடவை முழுசையும் கேக்காதீங்க. மூணாவது பகுதியை மட்டும் ஹெட்ஃபோன்ல ரெண்டு மூணு தடவை கேளுங்க, அஞ்சு நிமிஷம் பக்கம்தான். அது பிடிச்சுப்போச்சுன்னா முதல் பகுதிக்கு நீங்களே திரும்பி வருவீங்க.

எங்க சர்ச் க்வயர் இதைப் பாட முடியுமா?

முழுசும்னா கஷ்டம், முதல் பகுதிக்கு நல்ல தனிப் பாடகர்கள் ஆறு ஏழு பேர் வேணும், டெனர் கிடைக்கிறதே பல க்வயர்ல பெரும்பாடு. ரெண்டாவது பகுதி எட்டு குரல், ஒரு குரலுக்கு ரெண்டு பேர் இருந்தாலே நல்லா வரும், ஆனா ரெண்டு குழுவையும் தள்ளித் தள்ளி நிக்க வைங்க, சேர்த்து நிக்க வச்சா பாதி அழகு காணாம போயிடும். மூணாவது பகுதிக்கு அந்த தூரக் குழு மூணு பேரைப் பின்னாடி பால்கனியிலயோ, வெஸ்ட்ரி (பாதிரியார் உடை மாத்துற அறை) கதவைத் திறந்து வச்சு அதுக்குள்ளயோ நிறுத்துங்க. மைக் கொடுக்காதீங்க, தயவுசெஞ்சு. மைக் கொடுத்தா தூதர்களும் மத்தவங்களும் ஒரே ஸ்பீக்கர்ல வந்து விழுவாங்க. நோட்ஸ் ஐஎம்எஸ்எல்பி தளத்துல இலவசமா கிடைக்குது.

எந்த ரெக்கார்டிங் நல்லா இருக்கும்?

வோக்ஸ் லூமினிஸ் குழு, லியோனல் மோனியே தலைமையில பாடினது. கிராமஃபோன் பத்திரிகை 2012ல வருஷத்தோட சிறந்த ரெக்கார்டிங்னு விருது கொடுத்தது இதுக்குத்தான். சின்னக் குழு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்கும், என் ஓட்டு இதுக்கே. ஜான் எலியட் கார்டினரோட மான்டிவெர்டி க்வயர் பாடினது 1980கள்ல வந்தது, குழு வர்ற இடங்கள்ல பலம் ஜாஸ்தி. பிலிப் ஹெரெவெகே பண்ணினதும் இருக்கு, அது மென்மையா போகும். ஷூட்ஸோட படைப்புகள் எல்லாத்தையும் வரிசையா பதிவு பண்ணின ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் ராடமன் தொடர்லயும் இது உண்டு, ஷூட்ஸை முழுசா பிடிச்சுக்கப் போறவங்க அங்கேர்ந்து தொடங்கலாம்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து என்ன கேக்குறது?

ஷூட்ஸே ‘பாக்கியவான்கள்’ வசனத்துக்கு மறுபடி ஒரு இசை போட்டிருக்கார், 1648ல வந்த ‘கைஸ்ட்லிஷே கோர்மூசிக்’ தொகுப்புல இருக்கு, ஆறு குரல், தூரக் குழு எதுவும் கிடையாது, முதல்ல அதைக் கேளுங்க. அப்புறம் இன்னொரு இசையமைப்பாளர் புக்ஸ்டெஹூட 1674ல தன் அப்பா இறந்தப்ப வெளியிட்டது, சிமியோன் பாட்டை வச்சு லூத்தர் எழுதின கோரலும் அதோட ஒரு புலம்பல் பாட்டும். இதுல நேரடியான துக்கம் இருக்கு, ஷூட்ஸ்கிட்ட அது கிடைக்கலைன்னு நினைச்சவங்களுக்கு இங்க கிடைக்கும். அதுக்குப் பிறகு பாஹ் இருபது வயசு தாண்டின புதுசுல எழுதின ‘ஆக்டுஸ் டிராஜிகுஸ்’, பாஹ் படைப்புகளோட பட்டியல்ல பி.டபிள்யூ.வி. 106. ரெண்டு ரெக்கார்டர் (ஒரு வகைப் புல்லாங்குழல்), ரெண்டு வயோலா ட காம்பா (வில்லால வாசிக்கிற தந்தி வாத்தியம்), அவ்வளவுதான் மேல் வாத்தியம். அதுலயும் பைபிள் வசனங்களையும் கோரலையும் கோர்த்துத்தான் கட்டியிருக்கார். கீழ்க் குரல்கள் “நீ சாகணும்”னு சொல்லிட்டே இருக்க, மேல சோப்ரானோ “வாரும், ஆண்டவராகிய இயேசுவே”ன்னு தனியா பாடும். பிராம்ஸோட ஜெர்மன் ரெக்வியம் 1868, அதை கடைசியா வச்சுக்கோங்க, பெரிய ஆர்கெஸ்ட்ரா, ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், அதோட கடைசிப் பகுதியும் இதே வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரம் 13ஆம் வசனம்தான்.